படகு பின்னால் வர, பிரேக் யார் கையில்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பிளெய்ன் ஊருக்கும் கனடாவின் சர்ரே நகருக்கும் நடுவே பீஸ் ஆர்ச் எல்லைச்சாவடி இருக்கிறது. கோடை மாதங்களில் அதைத் தாண்டி வடக்கே போகும் வண்டிகளில் படகை இழுத்துச் செல்லும் பிக்கப்புகள் ஏராளம். வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் சால்மனும் ஹாலிபட்டும் பிடிக்கப் போகிறவர்கள் சிலர், ஒகனாகன், ஷுஸ்வாப் ஏரிகளில் விடுமுறையைக் கழிக்கப் போகிறவர்கள் சிலர். அவர்களில் ஒருவர் இரட்டை அச்சு ட்ரெய்லரில் 26 அடிப் படகை ஏற்றி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படகு, எஞ்சின், எரிபொருள், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து 3,400 கிலோ. பிரேக் நல்ல நிலையில் இருக்கிறது, விளக்குகள் எரிகின்றன, பாதுகாப்புச் சங்கிலிகள் முறையாக மாட்டப்பட்டிருக்கின்றன. சொந்த மாநிலத்தில் எந்தக் குறையும் சொல்லப்படாமல் ஓடிய அந்த ட்ரெய்லர், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் விதியை மீறியதாகிவிடுகிறது. மொத்த எடை 2,800 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்தபடி, முன்வண்டியின் பிரேக்கைத் தொடாமல், தனியாக இயக்க முடிய வேண்டும் என்கிறது அந்த விதி. நம் படகுக்காரரின் ட்ரெய்லரில் இருப்பது சர்ஜ் பிரேக். அதை ஓட்டுநரால் தனியாக இயக்க முடியாது.

சர்ஜ் பிரேக்கின் அமைப்பு எளிமையானது. ட்ரெய்லரின் முன்முனையில், இழுக்கும் வண்டியின் பந்துக் கொக்கியைக் கவ்விப் பிடிக்கும் பகுதி, ஒரு குழாய்க்குள் சில அங்குலம் முன்னும் பின்னும் நகரும்படி செய்யப்பட்டிருக்கும். ஓட்டுநர் தன் வண்டியின் பிரேக்கை மிதித்ததும் முன்வண்டி வேகம் குறைகிறது. ட்ரெய்லரோ வந்த வேகத்திலேயே முன்னே வந்து அதை முட்டுகிறது. இறக்கத்தில் போகும் மாட்டுவண்டியில் பாரம் முன்னே சரிந்து நுகத்தடியைக் காளைகளின் கழுத்தின்மேல் நெருக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விசை புதிதல்ல. அந்த நெருக்கத்தையே வேலை வாங்குவதுதான் சர்ஜ் பிரேக்கின் சூட்சுமம். நகரும் பகுதி பின்னுக்குத் தள்ளப்படும்போது அது ஒரு ஹைட்ராலிக் பிஸ்டனை அழுத்துகிறது. அழுத்தம் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குப் போய் ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கிறது. மின்சாரம் தேவையில்லை, முன்வண்டியில் தனிக் கருவி எதுவும் பொருத்த வேண்டியதில்லை. முட்டும் விசை கூடினால் பிரேக்கும் கூடுகிறது. படகு ட்ரெய்லர்களில் இது இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. படகை இறக்கும்போது ட்ரெய்லரின் சக்கரங்கள் உப்புத் தண்ணீரில் மூழ்குகின்றன. முகாம் ட்ரெய்லர்களில் வழக்கமாக உள்ள மின்காந்த பிரேக்கில் காந்தமும் கம்பியும் சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் கடல் நீர் அவற்றை விரைவில் அரித்துவிடும். மூடிய குழாய்க்குள் திரவத்தை வைத்து இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் அந்தச் சூழலை நன்றாகத் தாங்குகிறது.

எல்லைகளைத் தாண்டிப் படகு இழுப்பவர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்வி, எந்த எடையிலிருந்து பிரேக் கட்டாயம் என்பது. அதற்கு ஒரே விடை எங்கும் இல்லை. அமெரிக்காவில் சிறிய ட்ரெய்லர்களுக்கு பிரேக் கட்டாயம் என்று சொல்லும் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்புத் தரம் கிடையாது. காற்று பிரேக் பொருத்திய கனரக ட்ரெய்லர்களுக்கு மட்டுமே அப்படி ஒரு தரம் உண்டு. மற்றவை மாநிலங்களின் பொறுப்பு. வாஷிங்டன் உட்படப் பல மாநிலங்கள் 3,000 பவுண்டில், அதாவது சுமார் 1,360 கிலோவில், கோடு போடுகின்றன. ஐடஹோவும் நெவாடாவும் 1,500 பவுண்டிலேயே போட்டுவிடுகின்றன. டெக்சாஸ் 4,500 பவுண்டு வரை விட்டுப்பிடிக்கிறது. மாசசூசெட்ஸ் வெற்று எடை 10,000 பவுண்டைத் தாண்டினால்தான் தனி பிரேக் கேட்கிறது. கனடாவில் ஒன்டாரியோ 1,360 கிலோ, பிரிட்டிஷ் கொலம்பியா 1,400 கிலோ. கியூபெக் 1,300 கிலோ என்கிறது. இந்த எண்கள் வழியில் எங்கே அபராதம் விழும் என்பதைச் சொல்லும். ஆனால் கனமான படகைப் பொறுத்தவரை இவை அனேகமாகப் பொருட்டே அல்ல. மூன்று டன்னைத் தாண்டும் படகு ட்ரெய்லரில் எப்படியும் பிரேக் இருக்கும். அந்த பிரேக் யாருடைய கட்டளைக்கு இயங்குகிறது என்பதில்தான் நாடுகள் மெய்யாகவே வேறுபடுகின்றன. ஆஸ்திரேலியாவின் வடிவமைப்பு விதிகள் 2,000 கிலோவுக்கு மேல் முட்டுவிசையால் இயங்கும் பிரேக்கை ஏற்பதில்லை. அந்த எடைக்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், அதை முன்வண்டியிலிருந்து இயக்க முடிய வேண்டும் என்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வரம்பு 2,800. ஐரோப்பாவில் ஓவர்ரன் பிரேக் என்ற பெயரில் இதே கருவிக்கு 3,500 கிலோ வரை இடம் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளோ, வணிக வாகனங்களுக்கு, சில நிபந்தனைகளுடன் 20,000 பவுண்டு, அதாவது ஒன்பது டன் வரை சர்ஜ் பிரேக்கை ஏற்கின்றன. ஒரே கருவிக்கு இரண்டு டன்னில் தடை, ஒன்பது டன்னில் அனுமதி. இந்த விரிசலைப் பார்க்கிறவர் எல்லாமே அதிகாரிகளின் விருப்பப்படி போட்ட எண்கள் என்று முடிவுக்கு வருவது இயல்பு. அந்த முடிவு சரியல்ல என்பது என் வாதம். 2,800 என்ற எண்ணில் குறை காண இடமுண்டு. கனமான படகின் பிரேக் ஓட்டுநரின் கைக்கு எட்டியிருக்க வேண்டும் என்ற கோட்பாட்டில் இல்லை.

அந்தக் கோட்பாட்டின் அருமை மலைச்சாலையில் தெரியும். சர்ரேயிலிருந்து உள்நாட்டு ஏரிகளுக்குப் போகும் முக்கியப் பாதைகளில் ஒன்று கோகிஹல்லா நெடுஞ்சாலை. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,244 மீட்டர். சில இடங்களில் சரிவு 8 சதவீதம், அதாவது நூறு மீட்டர் போவதற்குள் எட்டு மீட்டர் இறக்கம். திரும்பி வரும்போது உச்சியிலிருந்து ஹோப் ஊர் வரை ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்க வேண்டும். நம் படகுக்காரரின் 3,400 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது கைவிட வேண்டிய ஆற்றல் சுமார் 40 மெகாஜூல். அதே எடையை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தச் செலவாவது 1.3 மெகாஜூல். ஆகவே அந்த ஓர் இறக்கம், முழு வேகத்திலிருந்து முப்பது முறை நிறுத்துவதற்கு ஒப்பானது. காற்றுத் தடையும் டயர் உராய்வும் எஞ்சினும் இதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்கும். 8 சதவீதச் சரிவில் 80 கிலோமீட்டர் வேகத்தைக் கூடவிடாமல் வைத்திருக்க, ட்ரெய்லரின் எடைக்காக மட்டும் சுமார் 60 கிலோவாட் வேகத்தில் ஆற்றலை வெளியேற்ற வேண்டும். ஒரு சிறு காரின் எஞ்சின் முழு மூச்சில் தரும் திறனுக்கு அது ஈடு.

இப்படிப்பட்ட இறக்கத்தில் அனுபவமுள்ள ஓட்டுநர் செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடித்துக்கொண்டு, தேவைப்படும்போது பிரேக்கை அழுத்தமாக ஒரு முறை மிதித்து, பிறகு முழுதாக விட்டு ஆறவிடுவார். பிரேக்கை லேசாக மிதித்தபடியே கீழே வருவதுதான் அது சூடேறிப் பிடியை இழக்க நேர்வழி. சர்ஜ் பிரேக் இந்த நல்ல பழக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. எஞ்சின் முன்வண்டியைப் பிடித்து நிறுத்தும்போதெல்லாம் ட்ரெய்லர் முன்னே வந்து முட்டுகிறது. முட்டியதும் அதன் பிரேக் பிடிக்கிறது. ஓட்டுநரின் கால் மிதிகட்டையைத் தொடவே இல்லை. இருந்தும் பின்னால் பிரேக் மெல்லப் பிடித்தபடியே பத்து, பதினைந்து நிமிடம் உராய்ந்து சூடேறிக்கொண்டிருக்கிறது. அது ஓட்டுநருக்குத் தெரியவும் தெரியாது. பிடி தளரும்போது முன்வண்டியின்மேல் விழும் பாரம் கூடுகிறது, அப்போது அவர் தன் பிரேக்கை மேலும் நம்ப வேண்டியிருக்கிறது. தனியாக இயக்கக்கூடிய பிரேக்கில் ஓட்டுநர் எப்போது பிடிப்பது, எப்போது ஆறவிடுவது என்பதைத் தீர்மானிக்கிறார். மொத்த வெப்பம் இதனால் குறைந்துவிடாது. ஆனால் அதை நான்கு பக்கமும் பங்கிட்டுக்கொடுப்பது ஓட்டுநரின் முடிவாகிறது.

இதைவிடவும் நான் முக்கியமாகக் கருதுவது ட்ரெய்லரின் ஆட்டத்தை. காற்று பக்கவாட்டில் அடித்தாலோ, பெரிய லாரி ஒன்று வேகமாகக் கடந்து சென்றாலோ, பின்பாரம் அதிகமாக ஏற்றப்பட்டிருந்தாலோ ட்ரெய்லர் இடமும் வலமுமாக வாலை ஆட்டத் தொடங்கும். அவுட்போர்ட் எஞ்சின்கள் படகின் பின்முனையில் தொங்குவதால் படகு ட்ரெய்லர்களில் எடைப் பகிர்வைக் கொஞ்சம் தவறாக வைத்தாலே இந்த அபாயம் உண்டு. ஆட்டம் தொடங்கிய கணத்தில் முன்வண்டியின் பிரேக்கை மிதிப்பது மனித இயல்பு, செய்யக்கூடாததும் அதுவே. பின்னாலிருக்கும் பாரம் முன்வண்டியை நெருக்கித் தள்ளும்போது இணைப்பு மடங்கப் பார்க்கிறது, ஆட்டம் பெரிதாகிறது. ட்ரெய்லரை மட்டும் பிரேக் பிடித்தால் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. பின்வண்டி பின்னுக்கு இழுக்க, இணைப்பில் விறைப்பு ஏற்பட்டு இரண்டு வண்டிகளும் ஒரே கோட்டுக்கு வருகின்றன. தனியாக இயக்கக்கூடிய பிரேக்கின் கைக்கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு நெம்புகோல் வைத்திருப்பதன் நோக்கம் இதுதான். சர்ஜ் பிரேக்கில் இந்த வழி அமைப்பாலேயே அடைபட்டிருக்கிறது. இணைப்பில் நெருக்கம் ஏற்பட்டால்தான் அது இயங்கும். ஆபத்தை அதிகமாக்கும் விசை பிறந்த பிறகே, அந்த விசையைக் கொண்டே, அது வேலை செய்யத் தொடங்குகிறது. எவ்வளவு நுணுக்கமாக உற்பத்தி செய்தாலும் இந்தக் குறை நீங்காது, ஏனென்றால் அது கருவியின் தத்துவத்திலேயே இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் முடிவு. அங்கே வணிக வாகன விதிகள் நீண்ட காலம் சர்ஜ் பிரேக்கை ஏற்கவில்லை. வண்டியின் பிரேக்குகள் எல்லா நேரத்திலும் இயங்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு, முன்னோக்கிப் போய் முட்டும்போது மட்டும் இயங்கும் கருவி பொருந்தவில்லை. தயாரிப்பாளர்களும் வாடகைக்கு விடுவோரும் சேர்ந்த சர்ஜ் பிரேக் கூட்டமைப்பு மனு கொடுத்தது. சோதனைத் தரவுகள் பரிசீலிக்கப்பட்டன. 2007இல் விதி மாற்றப்பட்டது. ட்ரெய்லரின் மதிப்பிடப்பட்ட மொத்த எடை 12,000 பவுண்டுக்குள் இருந்தால், அது முன்வண்டியின் மதிப்பிடப்பட்ட எடையைப் போல 1.75 மடங்கு வரை இருக்கலாம். 12,000க்கும் 20,000க்கும் இடைப்பட்டால் 1.25 மடங்கு வரை. தொழில்முறை வண்டிகளுக்கே இது போதும் என்றால் விடுமுறைக்குப் படகு இழுப்பவருக்கு ஏன் போதாது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சோதனைகள் எதை அளந்தன என்பதைப் பார்க்க வேண்டும். கூட்டாட்சி விதிகளில் பிரேக் திறனுக்கான அளவுகோல் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் வேகத்திலிருந்து எத்தனை அடிக்குள் வண்டி நிற்கிறது என்பது. நேர்கோட்டில், குறைந்த வேகத்தில் நிறுத்துவதில் சர்ஜ் பிரேக் நன்றாகவே செயல்படுகிறது. அதை யாரும் மறுக்கவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் வரும் ஆட்டத்தையும் கால்மணி நேர இறக்கத்தையும் பற்றி 20 மைல் அளவுகோல் எதுவும் சொல்லாது. மேலும், 2007இன் விதியை ஊன்றிப் படித்தால் அதை எழுதியவர்களும் எடையை மட்டும் நம்பவில்லை என்று தெரிகிறது. இழுப்பதற்கும் இழுபடுவதற்கும் உள்ள விகிதத்தை அவர்கள் விதிக்குள் கொண்டுவந்தார்கள். இந்த விகிதத்துக்குப் பின்னர் திரும்ப வருகிறேன்.

ஐரோப்பாவின் அனுபவத்தைக் காட்டுவோரும் உண்டு. அங்கே 3,500 கிலோ வரை ஓவர்ரன் பிரேக்கோடு லட்சக்கணக்கான ட்ரெய்லர்கள் ஆல்ப்ஸ் மலைகளைக் கடக்கின்றன. பேரழிவு எதுவும் நடந்துவிடவில்லையே என்பது கேள்வி. ஐரோப்பிய முறையை அதன் முழு உருவில் பார்த்தால் இந்த வாதம் தளர்ந்துவிடுகிறது. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 13ஆம் எண் ஒழுங்குமுறை, 750 கிலோவிலிருந்து 3,500 கிலோ வரையிலான வகைக்கு, சக்கரங்களின்மேல் விழும் எடையில் ஏறத்தாழ பாதியளவு பிரேக் விசை கிடைக்க வேண்டும் என்று செயல்திறனை வகுத்துவைத்து, இணைப்பும் பிரேக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதை வகை ஒப்புதலின்போதே சோதிக்கிறது. பல நாடுகளில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குத் தனி வேக வரம்பும் உண்டு. வட அமெரிக்காவில் படகு ட்ரெய்லருக்கு இவற்றில் எதுவும் ஒரே சீராக இல்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஆட்டத்தை உணர்ந்ததும் ட்ரெய்லரின் பிரேக் தண்டைத் தானே இழுத்து, பின்வண்டியை மட்டும் பிடிக்கும் மின்னணுக் கருவிகளை ஆல்கோ போன்ற நிறுவனங்கள் ஓவர்ரன் பிரேக்கோடு சேர்த்து விற்கின்றன. ஓட்டுநரால் செய்ய முடியாததைச் செய்ய ஒரு கருவி தேவைப்பட்டது என்பதே, முட்டுவிசை பிரேக்கில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்கப் பிக்கப்புகளிலும் இப்போது ஆட்டக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அது பொதுவாக முன்வண்டியின் சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து விட்டு வேலை செய்கிறது. சர்ஜ் பிரேக் கொண்ட ட்ரெய்லரை அதனால் நேரடியாகத் தொட முடியாது.

உப்புநீர் பற்றிய வாதம் ஒரு காலத்தில் தீர்க்க முடியாததாக இருந்தது. கையில் இயக்க வேண்டுமானால் மின்காந்த பிரேக், மின்காந்த பிரேக் என்றால் இரண்டு மூன்று பருவங்களில் துரு. இந்த இரண்டுக்கும் நடுவே படகுக்காரர் மாட்டிக்கொண்டார். இப்போது அந்த இக்கட்டு இல்லை. மின்சமிக்ஞையால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்ற அமைப்பில் சக்கரங்களில் இருப்பது வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கேதான். அழுத்தத்தை உண்டாக்கும் மின்பம்பு மட்டும் ட்ரெய்லரின் முன்பகுதியில், தண்ணீர் எட்டாத உயரத்தில், மூடிய பெட்டிக்குள் இருக்கும். ஓட்டுநர் முன்னால் பிரேக்கை மிதித்தாலோ, நெம்புகோலை அழுத்தினாலோ சமிக்ஞை வந்து பம்பு அழுத்தம் கொடுக்கிறது. தட்டு பிரேக்குகளுக்கு 1,600 பிஎஸ்ஐ, டிரம் பிரேக்குகளுக்கு 1,000 பிஎஸ்ஐ. இதற்கும் குறைகள் உண்டு. சர்ஜ் பிரேக்குக்குக் கம்பி வேண்டாம், இதற்கு வேண்டும். ஃப்யூஸ் போனால் பிரேக்கும் போய்விடும். விலையும் அதிகம். ஆனால் ஃப்யூஸ் போனதை முன்வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி காட்டிக்கொடுக்கும். சர்ஜ் பிரேக்கின் நகரும் பகுதி உப்பில் இறுகிப்போனதைக் காட்டிக்கொடுக்க ஓட்டுநர் இருக்கையில் எதுவும் இல்லை. பிரேக் வேலை செய்யவில்லை என்பதை அறியாமல் ஆயிரக்கணக்கான கிலோவை மலையில் இறக்குவதைவிட, வேலை செய்யவில்லை என்று அறிந்து சாலையோரம் நிறுத்துவது மேல்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் விதியில் குறை என்று நான் சொன்னதற்கு வருகிறேன். 2,800 கிலோ என்ற கோடு ட்ரெய்லரை மட்டும் பார்க்கிறது. இயற்பியல் இரண்டு வண்டிகளையும் பார்க்கிறது. 1,800 கிலோ எடையுள்ள எஸ்யூவி ஒன்று 2,700 கிலோ படகை இழுத்தால் பின்னாலிருப்பது முன்னாலிருப்பதைவிட ஒன்றரை மடங்கு கனம். இந்த ஜோடி சர்ஜ் பிரேக்கோடு மேல்வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. 3,500 கிலோ எடையுள்ள பெரிய பிக்கப் 2,900 கிலோ படகை இழுத்தால் விகிதம் ஒன்றுக்கும் கீழே. ஆட்டத்தில் முன்வண்டியே மேலோங்கி நிற்கும். ஆனால் விதி இதைத்தான் தடுக்கிறது. அந்த மாகாணத்தின் கீழ்வரம்பு விதியிலேயே விகிதம் இடம்பெற்றிருக்கிறது என்பதுதான் வியப்பு. 1,400 கிலோவுக்குக் குறைந்தாலும், முன்வண்டியின் எடையில் பாதியைத் தாண்டினால் ட்ரெய்லருக்கு பிரேக் வேண்டும் என்கிறது அது. 1949இன் ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமும் 1968இன் வியன்னா ஒப்பந்தமும் இலேசான ட்ரெய்லர்களுக்கு இதே பாதி என்ற அளவைச் சொல்கின்றன. 2007இன் அமெரிக்க விதி மேல்வரம்புக்கும் விகிதத்தைப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறது. ஆக, அறிவு எல்லாரிடமும் இருக்கிறது, ஆளுக்கொரு பாதியாக. எடை வரம்போடு, ட்ரெய்லர் முன்வண்டியைவிட கனமாக இருந்தால் எந்த எடையிலும் தனிக் கட்டுப்பாடு கட்டாயம் என்ற விகித வரம்பையும் சேர்த்தால் விதி கூர்மையாகும். சாலையோரத்தில் விகிதத்தைக் கணக்கிடுவது கடினம் என்று அதிகாரிகள் சொல்லலாம். பாதி என்ற விகிதத்தை இப்போதே கணக்கிடுகிறவர்களுக்கு ஒன்று என்ற விகிதம் சுமையாகாது.

இனி, பரஸ்பர ஏற்பு என்ற வாதம். பதிவான நாட்டில் சட்டப்படி ஓடும் வண்டியை அண்டை நாடு அப்படியே ஏற்பதுதானே முறை? இதற்கு ஆதரவாகக் காட்ட ஓர் ஆவணமும் உண்டு. அமெரிக்காவும் கனடாவும் 1949இன் ஜெனீவா ஒப்பந்தத்தில் உறுப்பினர்கள். அதன் ஆறாம் இணைப்பு, 3,500 கிலோவுக்கு மேற்படாத ட்ரெய்லரின் பிரேக் முன்வண்டியின்மேல் ட்ரெய்லர் முட்டுவதால் இயங்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் படகுக்காரரின் 3,400 கிலோ அதற்குள் அடங்குகிறது. இந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் எப்படி எடைபோடும் என்பது ஒருபுறம் இருக்க, மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தும் அதிகாரியின் கையில் இருப்பது மாகாண விதி. அதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. பரஸ்பர ஏற்பு ஓட்டுநர் உரிமத்துக்கும் பதிவுத் தகட்டுக்கும் பொருந்தும், ஏனென்றால் அவை எல்லையைத் தாண்டியும் மாறாத தகுதியைக் குறிப்பவை. பிரேக்கின் போதுமை அப்படிப்பட்டதல்ல. அது சாலையைப் பொறுத்தது. சமவெளியில் போதுமான கருவி கோகிஹல்லாவில் போதாமல் போகலாம். சாலை எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அந்த மாகாணம் தன் சாலைக்கான தேவையைச் சொல்ல உரிமை உண்டு. எதிரே வரும் வண்டியில் இருப்பவர் அந்த மாகாணத்துக் குடிமகன். அவருடைய பாதுகாப்பு, வருகிற படகு எங்கே பதிவானது என்பதைப் பொறுத்து மாறக்கூடாது.

இந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. எண் மாறினால் மாறியதைச் சொல்ல வேண்டும். பிரிட்டன் இதை ஓரளவு செய்தது. 1968இன் வியன்னா ஒப்பந்தத்தை அது 2018இல் ஏற்று, 2019 மார்ச் 28 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளுக்குள் போகும் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட தனியார் ட்ரெய்லர்களும் 750 கிலோவுக்கு மேற்பட்ட வணிக ட்ரெய்லர்களும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. பதிவு என்பது வெறும் காகிதம் என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, வெளிநாட்டில் என்ன தேவை என்று உரிமையாளர் யோசிக்க வேண்டிய ஒரு கட்டாயத்தை அது உண்டாக்கியது. வட அமெரிக்க எல்லையில் அப்படி எதுவும் இல்லை. எல்லை அதிகாரி துப்பாக்கி, பழம், மதுபானம் பற்றிக் கேட்கிறார். பிரேக்கைப் பற்றிக் கேட்பது அவர் வேலை அல்ல. ஆகவே தகவல் உரிமையாளரின் தேடலை மட்டுமே நம்பி நிற்கிறது. வாஷிங்டன், ஐடஹோ, ஓரிகன் மாநிலங்களில் கனமான ட்ரெய்லருக்குப் பதிவு கொடுக்கும்போதே பிரிட்டிஷ் கொலம்பியாவின் வரம்பை ஒரு வரியாக அச்சிட்டுத் தருவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

எடை எவ்வளவு என்பதே பலருக்குத் தெரியாது என்பதால் இது இன்னும் அவசியமாகிறது. தயாரிப்பாளரின் விளம்பரத் தாளில் உள்ள உலர் எடையில் பெரும்பாலும் எரிபொருளும் தண்ணீரும் அடங்காது, சிலவற்றில் எஞ்சினும் அடங்காது. 500 லிட்டர் பெட்ரோல் மட்டுமே சுமார் 370 கிலோ. அதன்மேல் குடிநீர்த் தொட்டி, நங்கூரமும் சங்கிலியும், மீன் பதப்படுத்தும் பனிக்கட்டிப் பெட்டிகள், துணை எஞ்சின். தாளில் 2,300 கிலோ என்று வாங்கிய படகும் ட்ரெய்லரும் சேர்ந்து சாலையில் 2,800ஐத் தாண்டுவது மிக எளிது. காலியாகப் போகும்போது வரம்புக்குள் இருந்தவர், பெட்டி நிறைய மீனோடும் பனிக்கட்டியோடும் திரும்பும்போது வரம்பைத் தாண்டியிருக்கலாம். லாரி எடைமேடையில் ஒரு முறை, முழுப் பாரத்தோடு, ட்ரெய்லரைத் தனியாக நிறுத்தி எடை பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

ஏற்கனவே சர்ஜ் பிரேக் வைத்திருப்பவர் முழு ட்ரெய்லரையும் மாற்ற வேண்டியதில்லை. ஹைட்ராலிக் குழாய்களும் தட்டுகளும் சக்கரங்களும் அப்படியே இருக்கலாம். முன்முனையில் நகரும் பகுதியை அசையாத இணைப்பாக மாற்றி, மின்பம்பைப் பொருத்தி, முன்வண்டியில் ஏழு முனை இணைப்பும் கட்டுப்பாட்டுக் கருவியும் வைத்தால் போதும். பம்பை வாங்கும் முன் ட்ரெய்லரில் இருப்பது தட்டு பிரேக்கா, டிரம்மா என்று பார்த்து அதற்குரிய அழுத்தம் கொண்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய குழாய்கள் உள்ளே துருப்பிடித்திருந்தால் 1,600 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வெடித்துவிடும் என்பதால் அவற்றையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. இணைப்பு அறுந்தால் ட்ரெய்லரைத் தானே நிறுத்தும் அவசரக் கம்பி சர்ஜ் பிரேக்கில் வெறும் இயந்திர நெம்புகோலை இழுக்கிறது. புதிய அமைப்பில் அது ஒரு சிறு பேட்டரியின் சுவிட்சை இழுக்கிறது. அந்தப் பேட்டரி செத்திருந்தால் அறுந்த ட்ரெய்லரை நிறுத்த எதுவும் இல்லை. எனவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அதன் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும், கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாமல் முன்வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும்.